துண்டு போட்டுப் பிடித்த இடம்

மகனே,

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. கறுப்புக் கிரானைட், தலைமாட்டில் சிலுவை, சிலுவைக்குள் எரிகிற விளக்கு, அதற்குக் கீழே கல்லில் பொறித்த என் முகம். பளபளவென்றுதான் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது என் முகம் ஒருநாளும் அப்படிப் பளபளத்ததில்லை. “அப்பா, உங்க எழுபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு என் பரிசு, கலர் மட்டும் சொல்லுங்க” என்று கீழே எழுதியிருந்தாய். பிறந்தநாளுக்குக் கல்லறையைப் பரிசாகக் கொடுக்கிற பிள்ளையைப் பெற்றவன் இந்தப் போடியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு பேர் படுக்கிற மாதிரி வரையச் சொல்லியிருந்தாயே, அதை அவளிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் ஒலையில அரிசி போட்டேன். சோறு வடிக்கவாச்சும் நேரம் குடுப்பானா ஒங்க மகன்?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கோபித்துக்கொள்ளாதே. கத்தாரில் வெயிலில் நின்று சம்பாதிக்கிறவன் அப்பனுக்கு ஏதாவது செய்ய நினைத்தது தப்பில்லை. எதைச் செய்ய நினைத்தாய் என்பதில்தான் எனக்கு அருவருப்பு. அந்த அருவருப்பும் உன்மேல் இல்லை. உனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவன் நான். நாற்பது வருஷம் ராவுத்தர் கடையில் ஏலக்காய் ரகம் பிரித்தவன். சல்லடையில் சலித்து, பருமனைத் தனியே, பொடியைத் தனியே, வெடித்ததையும் வெளுத்ததையும் தனியே ஒதுக்கி ஒதுக்கி, மனிதர்களையும் அதே மாதிரி ஒதுக்குகிற வாய் எனக்கு வந்துவிட்டது. முதலில் ஒதுக்க வேண்டிய காய் நான்தான் என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இதை உனக்கு அனுப்பிவிட்டு, ஒரு பிரதியை நம் சபைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். போதகர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. நான் செய்தது நாலு பேர் பார்க்கச் செய்தது. அதனால் நாலு பேர் படிக்கவே சொல்கிறேன்.

நம் ஆட்கள் நித்தியத்துக்கு ஆயத்தப்படுகிற லட்சணத்தை நீயும் பார்த்து வளர்ந்தவன்தான். வருஷத்துக்கு ஒருமுறை பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, மூன்று நாள் கூட்டம் நடத்துவோம். இந்த வாழ்க்கை எத்தனை குறுகியது என்று வெளியூர்ப் பிரசங்கியார் அழுது அழுது சொல்வார். நாமும் மூக்கைச் சிந்தி அழுவோம். அழுது முடித்து வெளியே வந்ததும் பிரியாணிப் பொட்டலம் எந்தப் பக்கம் கொடுக்கிறார்கள் என்று கண் தேடும். நம் சபை மூப்பர் ஒருவர் தன்னுடைய மரண அறிவிப்பைத் தானே எழுதி, தேதிக்கு மட்டும் இடம் விட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். தன்னைப் பற்றி ‘ஏழைகளின் தோழர்’ என்று அவரே எழுதியிருக்கிறார். வாசலில் வந்து நிற்கிற ஏழையை அவர் எப்படி விரட்டுவார் என்று அந்தத் தெரு முழுக்கத் தெரியும். இன்னொருவர் போஸ்டருக்காகக் கோட்டுப் போட்டுப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். எல்லாருக்கும் சாவுக்கு வேண்டிய சாமான்கள் தயார். சாகிற ஆள் மட்டும் தயாராக இல்லை.

இதில் பெரிய கூத்து கல்லறைத் தோட்டத்தில் இடம் பிடிப்பது. போடி பஸ் ஸ்டாண்டில் தேனிப் பஸ்சு வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதே வேலையைத்தான் அங்கேயும் செய்கிறோம். நல்ல இடமாகப் பார்த்து, செங்கல்லால் குழி கட்டி, மேலே பலகைக் கல்லால் மூடி, தலைமாட்டில் பெயர் வெட்டிய கல்லை நட்டுவிட்டால் அது நம் இடம். பிறந்த தேதி இருக்கும், ஒரு கோடு இருக்கும், கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும். ராவுத்தர் இறந்தபோது அவர்கள் அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போயிருந்தேன். மூன்று கடைக்குச் சொந்தக்காரர். ஒரு வெள்ளைத் துணி, மண், மேலே ஒரு செடி, அவ்வளவுதான். பெயர் எழுதிய கல் கூடக் கிடையாது. திரும்பி வரும்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பாவம், இவர்களுக்கு இடம் பிடிக்கத் தெரியவில்லையே என்று தோன்றியது. அப்படி ஒரு புத்தி எனக்கு.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான். என் ஆத்தாவைக் கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் புதைத்தது உனக்கு நினைவிருக்கும். அவளுக்கு ஒரு பக்கம் என் அப்பா. இன்னொரு பக்கம் ஓர் ஆள் படுக்கிற இடம் காலியாக இருந்தது. கடைசி ஆறு வருஷம் ஆத்தா உன் சித்தப்பா வீட்டில்தான், குரங்கணியில் கிடந்தாள். நம் வீட்டில் படி அதிகம், அவளால் ஏற முடியாது என்று நான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நம் வீட்டில் மொத்தம் நாலு படி. ஏலத் தோட்டத்தில் கங்காணி வேலை பார்த்துக்கொண்டு, மலைக்கு ஏறி இறங்கி, அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மலம் அள்ளியவன் என் தம்பி. அவன் மனைவி, உன் மேரி சித்தி, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான் மாதம் ஒருமுறை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நீளமாக ஜெபம் பண்ணிவிட்டு வருவேன்.

ஆத்தா இறந்த மறு வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் போய்ச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தோம். தம்பி மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காலி இடத்தைக் காட்டி, “அண்ணே, ஆத்தா பக்கத்துல நாந்தான் படுப்பேன். அது கூப்புட்டா எந்திரிச்சு எந்திரிச்சுப் பழகிருச்சு. நீங்க எந்திரிக்க மாட்டீக” என்று சொல்லிச் சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவன் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. “மூத்தவன் நானிருக்க, எடம் கேக்க நீ யாருடா?” என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகச் சிரித்தான். அடுத்த வாரமே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய், குழி கட்டி மூடி, என் பெயர் வெட்டிய கல்லை நட்டுவிட்டேன். என்ன பெருமை எனக்கு! அன்று வீட்டுக்கு வந்து கறிச்சோறு சாப்பிட்டேன்.

கேள்விப்பட்டு அவன் மலையிலிருந்து நேரே கடைக்கு வந்தான். காலில் தோட்டத்துச் சேறு காயவில்லை. நான் சல்லடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். “அண்ணே, வெளையாட்டுக்குச் சொன்னதுக்கு நெசமாவே கல்லு வச்சுட்டீகளே” என்றான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. “சோலி கெடக்கு, போ” என்றேன். கையால் ஒரு காயை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்ப அங்கேயே போட்டுவிட்டுப் போனான். என் தம்பியிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு அவன் சாகும்வரை பதினோரு வருஷம். ஒரே கோயிலில் அவன் இடது பக்கம், நான் வலது பக்கம். திருவிருந்துக்கு முன்னால் பக்கத்தில் இருப்பவருக்குக் கை கூப்பிச் சமாதானம் சொல்கிற நேரம் வரும். அவன் அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துக் கை கூப்புவான். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்வேன். கோயிலுக்குள் செருப்பு கிடையாது, அது உனக்குத் தெரியும். இல்லாத செருப்பைச் சரிசெய்துவிட்டு, போய் முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்கியிருக்கிறேன். இந்த லட்சணத்தில் பதினோரு வருஷம் நான் ஞாயிறு பள்ளிக்கும் தலைவர்.

அவன் இறந்தது உனக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. பறிப்பு நடந்துகொண்டிருந்தது. சரிவில், ஏலச் செடிகளுக்கு நடுவே, காய் எடுக்கிற பெண்களிடம் “செத்த நேரம் உக்காந்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஒரு வாழ்க்கை முடிய அவ்வளவு நேரம்தான் ஆனது. ஜீப்பில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் மகன் சாமு என்னைத் தேடி வந்தான். நீயும் அவனும் ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்தவர்கள். வாசலில் வெறுங்காலோடு நின்று, “பெரியப்பா, அப்பத்தா பக்கத்துல படுக்கணும்னு அப்பாவுக்கு ஆச. நீங்க மனசு வச்சா முடியும்” என்றான். சபைக் கமிட்டியார் இரண்டு பேரும் கூட வந்திருந்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். “பேரு வெட்டுன கல்ல எப்படிடா பிடுங்குறது? அபசகுனமில்ல?” என்று கேட்டேன். கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொண்டு சகுனம் பார்த்தேன். சாமு படியிறங்கிப் போனான். என் தம்பியைக் கல்லறைத் தோட்டத்தின் கடைசியில், சுவர் ஓரம், சாக்கடைத் தண்ணீர் கசிகிற இடத்தில் புதைத்தார்கள்.

அதோடு விட்டேனா? நீ கத்தாரிலிருந்து அழுதுகொண்டே பேசினாய். கமிட்டிக்காரர்கள்தான் அந்தச் சுவர் ஓரத்து இடத்தைக் கொடுத்தார்கள், அதற்குப் போய்ச் சாமு என்னை நடுவீதியில் நிறுத்தி வாடா போடா என்று பேசிவிட்டான் என்று உன்னிடம் சொன்னேன். அவன் அப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. நீ என் மானத்துக்காக அவன் போன் எண்ணைத் தடுத்து வைத்தாய். லீவில் ஊருக்கு வந்திருந்தும் அவன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவன் பத்திரிகையை வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பவில்லை. ஒன்பது வருஷமாக நீ சுமக்கிற அந்தப் பகை என் பொய்யில் முளைத்தது மகனே. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடவில்லை, வெட்கம்தான்.

இத்தனை நாள் வராத புத்தி இப்போது எப்படி வந்தது என்று கேட்பாய். பெரிய தரிசனம் எதுவும் கிடைக்கவில்லை. இந்தக் கல்லறைத் திருநாளுக்கு என் இடத்தைத் துடைத்து வைக்கப் போனேன். ஆமாம், வருஷா வருஷம் என் கல்லறைக்கு நானே போய் என் பெயருக்குக் கறுப்பு மை தீட்டிவிட்டு வருவேன், சிரிக்காதே. தோட்டம் பார்த்துக்கொள்கிற பாண்டி ஓடிவந்து தடுத்தான். “அய்யா, பக்கத்துல போகாதீக. கீரி குட்டி போட்ருக்கு, சீறும்” என்றான். பலகைக் கல்லின் ஓரம் உடைந்து ஓட்டையாகியிருந்தது. “மூணு வருசமா அதுதான் குடியிருக்கு. வாடகை கேட்டுப் பாத்தேன், தரமாட்டேங்குது” என்று அவன் சிரித்தான். உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. கூடப்பிறந்தவனுக்கு இல்லை என்று சொன்ன இடத்தைக் கீரிக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கேயிருந்து சுவர் ஓரத்தைப் பார்த்தேன். தம்பியின் மேட்டில் புல் மண்டியிருந்தது, முந்தின நாள் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. வாழ்நாளில் முதல்முறையாக அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பாண்டி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

நித்தியம், நித்தியம் என்று மேடையில் நிறையப் பேசியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை நினைத்துப் பயந்தேன். அங்கே மரத்தடி, சுவர் ஓரம் என்று யாரும் இடம் பிரித்து வைத்திருக்க மாட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தால் என் தம்பி நிற்பான். “சோலி கெடக்கு, போ” என்று அங்கே சொல்ல முடியாது. அங்கே யாருக்கும் சோலி கிடையாது. அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கும், அவனைப் படைத்தவர் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு ஆயத்தப்படுவது என்றால் கொத்தனாரைக் கூப்பிடுவதில்லை, உயிரோடு இருக்கிறவர்களிடம் போய் நிற்பதுதான் என்று எழுபத்திரண்டு வயதில் எனக்கு விளங்கியது. மந்தமான மாணவன்.

மறுநாள் காலைப் பஸ்சில் குரங்கணி போனேன். மேரி குழாயடியில், ஓர் உடைந்த சிமெண்டுத் துண்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். “வாங்க மச்சான்” என்றாள், நேற்றுத்தான் வந்துபோனவனைக் கூப்பிடுகிற மாதிரி. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டுவிட்டு, “தெரியும். சாமு அன்னைக்கே வந்து சொல்லிட்டான்” என்றாள். இடம் தர மறுத்தவன் நான்தான் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. உனக்கு மட்டும்தான் தெரியாது. “மன்னிச்சுட்டேன்னு சொல்ல வாய் வரல மச்சான். வர்றப்பச் சொல்றேன். சாப்புட்டுப் போங்க” என்றாள். தம்பியை எடுத்து ஆத்தா பக்கத்தில் வைக்கக் கமிட்டியிடம் கேட்கட்டுமா என்றேன். தலையை ஆட்டினாள். “கெடக்கட்டும். கர்த்தர் எழுப்புற அன்னைக்கு, எந்த எடத்துல படுத்திருந்தன்னா கேக்கப்போறாரு?” என்றாள். நாற்பது வருஷப் பிரசங்கத்தில் எனக்கு ஏறாதது, சோப்புக் கையோடு அவள் சொன்னதில் ஏறியது.

சாப்பிட்டு எழும்போது, “அந்தக் கல்ல என்ன செய்யப்போறீக?” என்று கேட்டாள். “ஒடச்சுப் போடப்போறேன் தாயி” என்றேன். “ஒடைக்காதீக. இங்க கொண்டாங்க. தொவைக்கக் கல்லு இல்லாம இருக்கேன்” என்றாள். அப்படியே செய்தேன். கீரி குட்டிகளோடு இடம் மாறும்வரை இரண்டு வாரம் காத்திருந்து, பாண்டியை வைத்துப் பெயர்க் கல்லைப் பெயர்த்து, ஜீப்பில் லோடு ஏற்றினேன். டிரைவர் கல்லைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கல்லைப் படித்தார். “அய்யா, இது ஒங்க பேருதான?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மலையடிவாரத்து முந்தல் தாண்டும்வரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த இடத்தைக் கமிட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். போன வாரம் சபையில் யாருமில்லாத ஒரு கிழவியை அங்கே வைத்தார்கள். ஆத்தாவுக்குப் பேச்சுத் துணை ஆயிற்று.

ஆகவே உன் கிரானைட்டை நிறுத்து. என்னைச் சுவர் ஓரத்தில், என் தம்பிக்குப் பக்கத்தில், வெறும் மண்ணில் வைத்தால் போதும். சாக்கடை நாற்றம் எனக்குப் பொருத்தமானதுதான். உனக்கு நாற்பத்திரண்டு வயது. இன்னும் நாளிருக்கிறது, ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் சாமுவைப் பார்க்கலாம் என்று நினைப்பாய். என் மகன் வேறெப்படி நினைப்பான்? ஏலக்காய் பழுக்கட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. பழுக்கவிட்டால் உலர்த்தும்போது வெடித்துவிடும், அதற்கு முன்னால் எடுக்க வேண்டும். இதைப் போடியில் சின்னப்பிள்ளையும் சொல்லும். தன் விஷயம் என்று வரும்போது மட்டும் எல்லாரும் பழுக்கக் காத்திருக்கிறார்கள். உன் சித்தப்பா செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதாகத்தான் சொன்னான்.

நேற்று மறுபடியும் குரங்கணி போயிருந்தேன். கல்லைக் குழாயடியில் சாய்வாகப் பதித்திருக்கிறார்கள், எழுத்து மேல்பக்கம். ஏன் என்று கேட்டேன். “பேரு வெட்டுன பக்கம் சொரசொரப்பா இருக்கு, அழுக்கு நல்லாப் போகுது” என்றாள் மேரி. அழுக்குத் தேய்ப்பது என் பெயர்மேல், அடித்துத் துவைப்பதெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், செத்த தேதிக்காக விட்டு வைத்த இடத்தில். அவள் கையை நீட்டி, “ஒங்க சட்டையையும் கழட்டிக் குடுங்க மச்சான், காலரெல்லாம் அழுக்கா இருக்கு” என்றாள். எழுபத்திரண்டு வயதில் வெற்றுடம்போடு வெயிலில் நின்றேன். என் சட்டையை என் பெயர்மேல் போட்டுத் தேய்த்துவிட்டு, கொஞ்சம் பலமாகவே அடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்த்தாள், சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

அந்தக் கல்லில் தேதி வெட்டுகிற வேலை இனி யாருக்கும் இல்லை. உனக்கு இருக்கிற வேலை வேறு. சாமுவின் எண்ணை அம்மா இன்றைக்கு அனுப்புவாள். இதைப் படித்து முடித்ததும் கூப்பிடு. அவன் எடுப்பான், அவன் அப்பன் வளர்த்த பிள்ளை.

உன்னிடம் பொய் சொன்ன
அப்பா